கதைக்கினம் – பார்லனோ



ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள் குருத்துவக் கல்விக்காக ரோமாபுரி சென்றார். அவர் கற்ற மொழிகள் பலவற்றுள் இத்தாலியமும் ஒன்று. அதன் வினைத்திரிபு தீவுப்பகுதியார் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது என்பேன்.

கதைத்தலுக்கு அங்கே 'பார்லாரே'. நிகழ்காலத்தில் பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ. எங்கள் வீட்டுப் பேச்சிலோ கதைக்கிறன், கதைக்கிறாய், கதைக்கிறான், கதைக்கிறம், கதைக்கிறியள், கதைக்கினம். இன்னார் என்று விகுதியே காட்டிவிடுவதால் 'நான்', 'நீ' தேவையில்லை. (கதைக்கிறாள், கதைக்கிறார் எனப் பாலும் மரியாதையும் காட்டுவது எங்கள் மேலதிகச் சொத்து.) எதிர்காலம் 'பார்லெரோ', கதைப்பன். அதிலும் சிக்கலில்லை.

சுவையான இடம், விருப்பமும் ஐயமும் சொல்லும் வினை. அங்கே நான், நீ, அவன் மூவருக்கும் 'பார்லி' ஒன்றே. முன்னர் 'நீ'க்கு மட்டும் உரியதாயிருந்த அதே சொல். ஆளை விளக்க 'இயோ', 'தூ', 'லூயி' என்று பெயரைச் சேர்க்கவேண்டியிருக்கிறது. தமிழிலும் பாருங்கள்: அவன், அவள், அவை எவருக்கும் 'கதைக்கட்டும்' தான். நடப்பதைச் சொல்கையில் ஆளைக் காட்டும் வினை, நடக்கவேண்டுமென விரும்புகையில் ஆளை மறைத்துவிடுகிறது!

1990 இன் பின் தீவுப்பகுதியார் பலர் உலகெங்கும் சிதறினர். இத்தாலியின் பலெர்மோவிலும் யாழ்ப்பாணத் தமிழர் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்கு 'பார்லனோ'வைப் பள்ளிக்கூடம் சொல்லித்தரும். தமிழ்ப் பாடநூல் 'கதைக்கிறார்கள்' என்பதோடு நின்றுவிடும். 'கதைக்கினம்' வீட்டிலே காதில் விழுந்தால்தான் உண்டு. இரண்டு வரிசைகளையும் ஒரே தாளில் பக்கம்பக்கமாக எழுதிக் கொடுங்கள் என்று அங்குள்ள பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.