மாசா, ஊட்டமா? ஒரு கலைச்சொல்லும் அதன் பொருளும்



மொழியியல் பயின்ற எனக்கு மின்வேதியியலில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு மாணவியின் வினாவே என்னை அத்துறைக்கு அழைத்துச் சென்றது. மீமின்தேக்கிகளுக்காக உருவாக்கப்படும் 'நைட்ரஜன் மாசூட்டிய கார்பன்' பற்றித் தமிழில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த அவர், "ஐயா, மாசு என்றால் அகற்றத்தானே வேண்டும்? ஏன் ஊட்டுகிறார்கள்?" என்று கேட்டார்.

விடை காண, முதலில் பொருளை அறிய வேண்டும். மின்கலம் வேதிவினையால் ஆற்றலைச் சேமிக்கிறது. மீமின்தேக்கியோ, பெரும்பாலும், கரியாலான மின்முனையின் பரப்பில் மின்பகுளியின் அயனிகளை ஒட்டி நிற்கச் செய்து சேமிக்கிறது. அதனால் அது நொடிகளில் மின்னேற்றம் பெறும். பல இலட்சம் முறை பயன்படும். ஆனால் ஒரு கிலோகிராமுக்கு அது தாங்கும் ஆற்றல், லித்தியம் அயனி மின்கலத்தினும் மிகக் குறைவு. அக்குறையைத் தணிக்கவே மின்முனையைச் சீராக்க முயல்கின்றனர். ஒரு கிராம் நுண்துளைக் கரியின் உட்பரப்பு 1000 சதுர மீட்டரையும் கடக்கும். மலேசியச் செம்பனையின் வெற்றுக் குலைகளிலிருந்தும் இத்தகைய கரியை ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர்.

பரப்பு மட்டும் போதாது. கரி நீரை எளிதில் ஏற்பதில்லை. மின்பகுளி நுழையாத துளையால் பயனில்லை. ஆகவே யூரியா, மெலமின் போன்ற நைட்ரஜன் மிகுந்த பொருளுடன் கரியைச் சேர்த்து, காற்றில்லாச் சூழலில், பெரும்பாலும் 600 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகின்றனர். நைட்ரஜன் அணுக்கள் கார்பன் வலைப்பின்னலில் இடம்பெறுகின்றன. விளிம்பில் அமர்பவை, அமில மின்பகுளியில், மின்னேற்றத்தில் தாமே பங்கேற்கின்றன. வலையின் நடுவே கார்பனுக்குப் பதிலாக அமர்பவை மின்கடத்தலை மேம்படுத்துகின்றன. மின்பகுளியும் துளைகளுள் எளிதில் புகுகிறது. வெப்பம் மிகுந்தாலோ நைட்ரஜன் வெளியேறிவிடும்.

'மாசூட்டல்' என்னும் சொல் குறைக்கடத்தி இயற்பியலிலிருந்து வந்தது. அங்கே சிலிக்கனில் கலப்பது பெரும்பாலும் இலட்சத்தில் ஓர் அணுவினும் குறைவு. இங்கோ நூற்றுக்குச் சில அணுக்கள். சொல்லின் முற்பகுதி மாணவரை மயக்குகிறது. பிற்பகுதியோ மெய்யைச் சொல்கிறது. 'உண்' என்னும் வினையின் பிறவினையே 'ஊட்டு'. உண்டது உடலாகும், மேலே பூசியது உடலாகாது. நைட்ரஜனும் கரியின்மீது பூச்சாக நிற்பதில்லை. அதன் உடலிலேயே கலக்கிறது. உரமூட்டல், செறிவூட்டல் என நமக்குப் பழகிய வரிசையில் 'நைட்ரஜனூட்டிய கார்பன்' இயல்பாகவே நிற்கும்.

பாடநூலில் நிலைபெற்ற சொல்லை இன்றே நீக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. மாணவர் அதையும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் ஆசிரியர்களே, கலைச்சொல்லை மனனம் செய்விக்கும் முன் அதைப் பிரித்துக் காட்டுங்கள். சொல்லில் இருந்த குறையைக் கண்டதனால்தான் அம்மாணவி பொருளின் நுட்பத்தை அடைந்தார். தமிழில் எழுந்த வினாவுக்குத் தமிழில் விடை கிடைக்காவிட்டால், அடுத்த வினாவை அவர் வேறொரு மொழியில்தான் கேட்பார்.