வியாபாரிகளே, பட்ஜெட்டைப் படியுங்கள்!

(வணிகர் – இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நமக்கு வியாபாரம் தெரியும். சிறு வயதிலேயே வாப்பாவோடு கடையில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆனால் புதிதாக ஒரு வரி வந்தால், அது ஏன் வந்தது, யாரைப் பாதிக்கும் என்று கேட்டால், "ஆடிட்டரைக் கேளுங்கள்" என்கிறோம்.

1956-ல் பம்பாயில் நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் ஆயுள் இன்சூரன்ஸ் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் வந்த தொழிற்கொள்கை, முக்கியத் தொழில்களை அரசுக்கே ஒதுக்கியது. தனியார் தொழில் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட காலம் அது. ஏ.டி. ஷ்ராஃப் என்ற பொருளாதார நிபுணர் அப்போது கட்சி தொடங்கவில்லை, கடையடைப்பும் நடத்தவில்லை. 'ஃபோரம் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற லாப நோக்கமற்ற மன்றத்தை அமைத்தார். கூட்டம் போடுவது, சிறு பிரசுரங்கள் வெளியிடுவது, மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துவது, இவைதாம் அதன் வேலை.

அந்த மன்றத்தின் சார்பில் நானி பல்கிவாலா 1958-ல் ஒரு ஹோட்டலின் சிறு மண்டபத்தில் பட்ஜெட்டை விளக்கிப் பேசத் தொடங்கினார். ஆண்டுதோறும் கூட்டம் பெருகி, பிற்காலத்தில் பிரபோர்ன் கிரிக்கெட் மைதானமே நிறைந்தது. கிரிக்கெட் பார்க்க அல்ல சகோதரர்களே, வரிக்கணக்கு கேட்க!

1991-ல் லைசென்ஸ் முறை தளர்ந்ததற்கு அந்நியச் செலாவணி நெருக்கடியே உடனடிக் காரணம். மன்றம்தான் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 35 ஆண்டுகள் அந்த வாதத்தை அணையாமல் காத்தார்கள்.

அவர்கள் சொன்னதெல்லாம் நமக்கு ஏற்புடையதல்ல. அவர்கள் பேச்சில் பெருந்தொழில் தெரிந்த அளவுக்குப் பெட்டிக்கடை தெரியவில்லை. நம்மிடம் வேறு அளவுகோல் இருக்கிறது. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயிக்கும்படி மக்கள் கேட்டும் நபிகள் நாயகம் (ஸல்) மறுத்துவிட்டார்கள். பதுக்குபவன் பாவி என்று கண்டித்தவர்களும் அவர்களே. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர்கள் நாம்.

படிக்கிறோமா? 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அபராதம் கட்டிய பிறகல்லவா நம்மில் பலர் ரிட்டர்ன் தேதியைத் தெரிந்துகொண்டோம்!

எனவே ஒரு கோரிக்கை. பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வருகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, பி.காம். படித்த நம் பிள்ளைகள் இருவர் அதைக் கடைக்காரர்களுக்குப் புரியும் தமிழில் விளக்கட்டும். நாலு பக்கப் பிரசுரமாகவும் போடுவோம். அச்சுச் செலவு என்னுடையது. எழுத முன்வருபவர்கள் இன்று மஃக்ரிப் தொழுகைக்குப் பிறகு என்னிடம் பெயர் கொடுங்கள். வஸ்ஸலாம்.