நமது திரை நமதாவது எப்போது?

(கலையன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



"சுயேச்சை" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் நினைவுக்கு வருபவர் தேர்தல் வேட்பாளரே. கட்சிக் கொடியுமின்றிக் கட்சிப் பணமுமின்றித் தமது பெயரையும் ஒரு சின்னத்தையும் மட்டும் நம்பி நிற்பவர் அவர். அவருடைய துணிவை நாம் மெச்சுவோம், மாலையும் போடுவோம். வாக்குப் போடுவது மட்டும் வேறு ஒருவருக்கு. கட்டுப்பணத்தை இழந்து அவர் வீடு திரும்பும்போது, "நல்ல மனிதர்" என்று சொல்லி அனுதாபப்படுவோம்.

இலங்கையிலே தமிழ்ப்படம் எடுக்கப் புறப்பட்ட கலைஞர்களுக்கு நாம் செய்து வந்திருப்பதும் ஏறக்குறைய இதுவேயாகும். ஆகவே இன்று அவர்களைப் புகழ்ந்து பேசி அமர்ந்துவிட நாம் விரும்பவில்லை. அவர்கள் ஏன் தோற்றார்கள், அத்தோல்வியில் நமது பங்கு என்ன, இனிச் செய்யத்தக்கது யாது என்பனவற்றையே ஆராய விரும்புகின்றோம்.

பணம் இருந்தது, படம் இல்லை

தமிழரிடம் பணமில்லை, ஆகவே தமிழ்ப்படம் வளரவில்லை என்று சிலர் கூறுவர். சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. 1947 ஆம் ஆண்டு வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படமாகிய "கடவுனு பொறொந்துவ"வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அப்படம் உருவானது மதுரையிலே. 1960 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்திய "சந்தேசய"வுக்கு முதல் போட்டவர் கே. குணரத்தினம் என்ற தமிழர். ஸ்ரூடியோ தமிழரிடம் இருந்தது, விநியோகமும் இருந்தது, படமாளிகைகளும் இருந்தன. ஆயினும் இலங்கையின் முதலாவது தமிழ்ப்படம் என்று சொல்லப்படும் "சமுதாயம்" வெளிவர 1962 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் 16 மில்லிமீற்றர்ப் படம். அதனை உருவாக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். அடுத்த ஆண்டில் வந்த "தோட்டக்காரி"யே 35 மில்லிமீற்றரில் அமைந்த முதற் படம்.

இந்தப் பதினைந்து ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் வியாபாரக் கணக்கு. சென்னையில் எடுக்கப்படும் படம் தன் செலவைத் தமிழ்நாட்டிலேயே மீட்டுக்கொள்கிறது. அதன் பின்னர் கடல் கடந்து இங்கு வரும்போது கிடைப்பதெல்லாம் மேலதிக வருமானம். ஆகவே அதனைக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது. இங்கே எடுக்கப்படும் படமோ தன் முழுச் செலவையும் இந்தச் சிறு தீவுக்குள்ளேயே மீட்க வேண்டும். அதற்குள்ளும் தமிழ் பேசும் மக்கள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கொழும்பிலுமாகப் பிரிந்து வாழ்கின்றனர். சிங்களத்துக்கு வேறொரு தாயகம் இல்லாமையால் சிங்களப் படத்துக்குப் போட்டியாக அதே மொழியிற் பேசும் வெளிநாட்டுப் படம் எதுவும் வரவில்லை. நமக்கோ மொழியின் பெருமையே சந்தையின் சுமையாயிற்று.

மண்ணின் மணம்

1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசும், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் அரசாங்கப் படப்பிரிவிலிருந்து விலகி வந்து "ரேகாவ"வை எடுத்தனர். ஸ்ரூடியோச் சுவர்களை விட்டு வெளியேறிய கமரா கிராமத்துக்குச் சென்றது. உள்ளூரில் அப்படம் பணம் சம்பாதிக்கவில்லை. ஆனால் 1957 இல் கான் விழாவுக்குச் சென்றது. சிங்களப் படவுலகம் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்ட தருணம் அது.

நமக்கு அத்தகைய தருணம் வாய்த்தது 1970 களிலேதான். 1970 இல் பதவியேற்ற அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியப் படங்களின் வரவும் குறைந்தது. ரசிகர் பலர் முணுமுணுத்தனர். உள்ளூர்க் கலைஞர் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தனர். 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனமும் தோன்றியது. அதே ஆண்டிலே கட்டிடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரிக்க, டபிள்யூ. எஸ். மகேந்திரன் நெறிப்படுத்திய "குத்துவிளக்கு" வெளிவந்தது. சென்னைத் தமிழைத் திரையிலே கேட்டுப் பழகிய காதுகளுக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு திரையிலிருந்து ஒலித்தது புதுமையாயிருந்தது. சிலர் சிரிக்கவும் செய்தனர். தன் தாய் பேசும் பேச்சைத் திரையிலே கேட்டுச் சிரிக்கும் ஒரு சமூகம் எந்த அளவுக்குத் தன்னை மறந்திருக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மலையகத்திலே தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975 இல் "புதிய காற்று" என்ற படத்தைத் தயாரித்து நடித்தார். 1977 இல் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு "பொன்மணி"யை நெறிப்படுத்தினார். சீதனத்தையும் சாதியையும் பற்றி நாம் வீட்டுக்குள்ளே தாழ்ந்த குரலிற் பேசுவதை, ஒரு சிங்களக் கலைஞர் நமது மொழியிலேயே நமக்குக் காட்டினார். படமாளிகைக்குச் சென்று பார்த்தவர் சிலரே. 1978 இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய "வாடைக்காற்று" வந்து மீனவர் வாழ்வைக் கூறிற்று. அந்த ஓராண்டில் மட்டும் ஐந்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் இந்நாட்டிலே திரைக்கு வந்தன. அவை எல்லாம் சிறந்த படங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சென்னைப் படத்தின் நிழலிலே நின்று அதனைப் போலவே ஆடிப்பாட முயன்றவையும் அவற்றுள் உண்டு. ஆயினும் பத்துப் படம் எடுக்கும் இடத்திலேதான் ஒரு நல்ல படம் பிறக்கும்.

தீயும் போரும்

அந்த வாய்ப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1977 இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 1979 இல் தொலைக்காட்சி வந்தது, வீடியோவும் வந்தது. பின்னர் 1983 ஜூலை வந்தது. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. நெறியாளர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். சிங்களப் படங்களை உருவாக்கிய அந்த இடம், அதன் உடைமையாளர் தமிழர் என்ற ஒரே காரணத்தால் நெருப்புக்கு இரையாயிற்று. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த தீ நூலை அழித்தது. இரண்டு ஆண்டுகளின் பின் வந்த தீ பிலிம் சுருளையும் விட்டுவைக்கவில்லை. அக்காலத்துத் தமிழ்ப்படங்களுட் பலவற்றை இன்று பார்க்க விரும்பினால் பிரதி தேடி அலைய வேண்டியிருக்கிறது. தம்பிஐயா தேவதாஸ் "இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை"யை எழுதி வைத்திராவிட்டால் பெயர்களும் மறைந்து போயிருக்கும்.

போர்க்காலத்திலே மின்சாரமில்லாத வடக்கில், ஜெனரேற்றரை இயக்கி வீடியோப் பார்த்த தலைமுறை ஒன்று வளர்ந்தது. விடுதலைப் புலிகளின் "நிதர்சனம்" பிரிவு படங்களைத் தயாரித்தது. கமரா பிடிக்கவும் தொகுக்கவும் இளைஞர் பலர் அங்கே பயின்றனர். ஆனால் அங்கே சொல்லத்தக்கது எது என்பதை இயக்கமே தீர்மானித்தது. அதனைச் சுயேச்சைக் கலை என்று கூற இயலாது.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் முயற்சிகள் எழுந்தன. கனடாவிலே லெனின் எம். சிவம் 2009 இல் "1999" என்ற படத்தையும், 2013 இல் துப்பாக்கியையும் மோதிரத்தையும் பெயரிற் கொண்ட மற்றொரு படத்தையும் உருவாக்கினார். 2012 இல் அசோக ஹந்தகம போரின் பின்னரான யாழ்ப்பாணத்தை "இனி அவன்" என்ற தமிழ்ப் படத்திலே காட்டினார். விசாகேச சந்திரசேகரத்தின் "மணல்" 2023 இல் றொட்டர்டாம் விழாவிலே நடுவர் சிறப்புப் பரிசு பெற்றது. உள்ளூரிலே மதிசுதா, பலரிடம் சிறுசிறு தொகையாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, கைத்தொலைபேசியாலேயே "வெந்து தணிந்தது காடு" என்ற முழுநீளப் படத்தை எடுத்து முடித்தார். ஸ்ரூடியோவும் இல்லை, முதலாளியும் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது என்பதற்கு இதனை விட வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்று எசமானர்கள்

நமது கலைஞன் மூன்று எசமானர்களிடமிருந்து விடுதலை பெற வேண்டியவனாக இருக்கின்றான். முதலாவது சென்னைச் சந்தை. இரண்டாவது கொழும்பு அரசாங்கமும் அதன் தணிக்கையும். இவ்விரண்டையும் கண்டித்துப் பேசினால் இந்தச் சபையிலே கைதட்டல் எழும் என்பது நமக்குத் தெரியும். மூன்றாவது எசமானரைப் பற்றிப் பேசும்போது கைகள் சற்றுத் தயங்கலாம். அந்த எசமானர் நாமே.

2017 இல் யூட் ரட்ணம் எடுத்த ஆவணப்படம் கான் விழாவிலே காட்டப்பட்டது. இனக்கலவரத்தின் கொடுமையோடு, தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்ற கதையையும் அது பேசியது. 2018 இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவிலே அதனைத் திரையிட ஏற்பாடாகியிருந்தது. எதிர்ப்பு எழுந்தது, திரையிடல் கைவிடப்பட்டது. அப்படத்தின் அரசியலை ஏற்காதவர் ஏற்காதிருக்கலாம். அதன் பார்வை ஒருபக்கமானது என்று வாதிடலாம், மறுத்து எழுதலாம், வேறொரு படமே எடுத்து மறுமொழி கூறலாம். ஆனால் பார்க்கு முன்னரே கதவை அடைப்பது எந்த நியாயம்? தணிக்கை சிங்களத்தில் எழுதப்பட்டால் அடக்குமுறை, தமிழில் எழுதப்பட்டால் இனப்பற்று என்று இரண்டு தராசுகளை நாம் வைத்திருக்க முடியாது. உரிமைக்காகப் போராடிய இனம் தன் கலைஞனின் உரிமையை முதலிற் காக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

நமது கோரிக்கைகள் நான்கு.

முதலாவதாக, எஞ்சியுள்ள பழைய பிரதிகளைத் தேடிச் சேர்த்துப் புதிய முறையிற் பதிந்து பாதுகாக்க வேண்டும். எந்த வீட்டுப் பரணிலே எந்தச் சுருள் கிடக்கிறதோ யாரறிவார்? ஈரமும் வெப்பமும் நமக்காகக் காத்திருக்க மாட்டா. பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் இப்பணியை ஏற்க வேண்டும்.

இரண்டாவதாக, திரைப்படக் கூட்டுத்தாபனம் சிங்களத்துக்கு மாத்திரம் உரியதன்று. தமிழரின் வரிப்பணமும் அதிலே உண்டு. தமிழிலே எழுதிய கதைவசனத்தைத் தமிழறிந்தோர் படித்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு அங்கே இருத்தல் வேண்டும். நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் இதனை மேடையிலே முழங்குவதோடு நில்லாமல், வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே எழுப்ப வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ்ப் பகுதிகளிலுள்ள படமாளிகைக்காரர் உள்ளூர்ப் படத்துக்கு ஒரு நல்ல நேரத்துக் காட்சியை ஒதுக்க வேண்டும். காலை பத்து மணிக்கு வெறும் நாற்காலிகளுக்குப் படங்காட்டிவிட்டு, "சனம் வரவில்லை" என்று கைவிரிப்பது நேர்மையாகாது.

நான்காவது கோரிக்கை உங்களிடம். சீட்டு வாங்குங்கள். அனுதாபச் சீட்டு வேண்டாம். காசு கொடுத்த ரசிகனின் சீட்டு வேண்டும். படம் குறையுடையதாயின் குறையைச் சொல்லுங்கள், எழுதுங்கள். "நம்மவர் எடுத்தது, ஆகவே நல்லது" என்ற முகமன் கலையைக் கெடுக்கும். "நம்மவர் எடுத்தது, ஆகவே மட்டம்" என்ற ஏளனம் அதனைக் கொன்றே விடும்.

அன்பர்களே, நம் பிள்ளைகள் மதுரைத் தெருவையும் சென்னைக் கடற்கரையையும் திரையிலே கண்டு நன்கு அறிவர். பேசாலைக் கரையையும், ஹற்றன் லயத்து விடியலையும், வன்னிக் குளத்துக் கட்டையும் அவர்கள் திரையிற் கண்டது எத்தனை முறை? நமது கதையைப் பிறர் சொல்லும்போது பிழையாகச் சொல்கிறார்கள் என்று குறை கூறுகின்றோம். அதனைச் சரியாகச் சொல்ல முற்படும் நம் இளைஞனுக்கு இரண்டு மணி நேரம் செவி கொடுத்தலே நாம் அவனுக்கு ஆற்றும் முதற் கடமை.