மடவை மீனின் சாட்சி

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினீயருக்கு மீனைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. என் பிழைப்பு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. பி.ஓ.டி., சி.ஓ.டி. என்று தினமும் எண்களோடுதான் குடித்தனம். அந்த எண்களுக்கு ஒரு குறை உண்டு. பாட்டிலில் பிடித்த அந்த நிமிஷத்துத் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் அவை பேசும். ராத்திரி மழையோடு மழையாக யாராவது கழிவைத் திறந்துவிட்டால், காலையில் பாட்டிலோடு போகிறவருக்கு ஒன்றும் அகப்படாது. ஆனால் அங்கேயே கிடந்த மீன் அதைச் செவுள் வழியாக உள்ளே வாங்கியிருக்குமே!

அப்படி வாங்கியதால் மீனின் உடம்பில் ஏற்படும் மாற்றத்தை அளப்பதுதான் உயிர்வேதிக் குறியீடு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து பட்டால் மூளையில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்கிற நொதியின் வேலை குறையும். எண்ணெய்க் கழிவு என்றால் கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 1ஏ ஏறும். காட்மியம், பாதரசத்துக்கு மெட்டல்லோதயோனின். (நம்ம நாகல்கேணி தோல் கழிவின் குரோமியத்துக்கு இது அவ்வளவாக உதவாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இது வெளிநாட்டுச் சங்கதி இல்லை. 2000-களின் கடைசியிலேயே சென்னை ஆய்வாளர்கள் எண்ணூர் முகத்துவாரத்து மடவையையும் கோவளத்து மடவையையும் ஒப்பிட்டார்கள். எண்ணூர் மீனின் கல்லீரலில் கொழுப்புச் சிதைவு அதிகம்; செல் அவதிப்படும்போது சுரக்கும் எச்.எஸ்.பி.70 புரதமும் அதிகம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் 2023 டிசம்பரில் அங்கே எண்ணெய் படர்ந்ததற்கு எத்தனையோ வருஷம் முந்திய கதை இது.

நான் கவலைப்படுவது எண்ணூருக்காக மட்டுமில்லை. அந்த ஒப்பீட்டில் 'மாசு குறைந்த இடம்' என்று எடுத்துக்கொண்டது கோவளம். கோவளத்துக்கு எந்தத் தண்ணீர் போகிறது? சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் பள்ளிக்கரணை. பல வருஷம் குப்பை கொட்டிய அந்தச் சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, அப்புறம் கடல். அதாவது நம்ம வீட்டுச் சாக்கடை! சுத்தமான பக்கம் என்று சொல்ல நமக்கு மிச்சமிருக்கும் இடமும் கையைவிட்டுப் போனால், பிறகு எதோடு ஒப்பிடுவது?

சிக்கலும் உண்டு. தண்ணீர்ச் சூடு, முட்டையிடும் பருவம், மீனின் வயசு எல்லாமே இந்த அளவுகளை மாற்றும். மடவை முட்டையிடக் கடலுக்குப் போய்விடும். ஒருநாள் பிடித்த நாலு மீனை வைத்துக்கொண்டு யார் மேலும் கேஸ் போட முடியாது. ஒரே இடம், ஒரே பருவம், ஒரே அளவு மீன் என்று வருஷக்கணக்கில் விடாமல் பார்க்க வேண்டும்.

ஒரு கல்லூரிக்கு ஏற்ற வேலை இது. மூளை நொதியை அளக்க எல்மன் குழுவினர் 1961-ல் தந்த முறை இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது: மஞ்சள் நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று 412 நானோமீட்டரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் போதும். செலவெல்லாம் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கும், விடிகாலையில் கோவளம் மீனவர்களிடம் மீன் வாங்கி ஐஸ்பெட்டியில் கொண்டுவரும் வண்டிக்கும்தான். ஃப்ரீசருக்கு எங்கள் பேட்ச் பணம் திரட்டுகிறது. வண்டிச் செலவை ஏற்க ஒரு பேட்ச் முன்வர வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னாலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.