ஓரத்தையும் பாருங்கள்



பழைய யப்பானிய மர அச்சுப் படமொன்று கைக்கு வந்தால் நாம் ஓவியத்தையே பார்த்து நிற்கிறோம். மதிப்பிடுபவர் ஓரத்தைப் பார்க்கிறார். யோஷிதா ஹிரோஷி 1931இல் ஆக்கிய மதுரைக் கோயில் படத்தை எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் 'ஜிசுரி' முத்திரை, அதாவது 'தானே அச்சிட்டது', இருந்தால் அது அவர் மேற்பார்வையில் அச்சானது என்று கொள்வர். 1950இல் அவர் மறைந்தபின் அதே பலகைகளில் அச்சிட்டவற்றில் சாதாரணமாக அது இராது, விலையும் இறங்கிவிடும். அந்த ஓரத்தைத்தான் படத்துக்குச் சட்டம் போடுபவர் 'வடிவுக்கு' வெட்டிவிடுகிறார்!

பின்புறத்தையும் திருப்பிப் பார்ப்போம். கையால் தேய்த்து அச்சிட்டதென்றால் நிறம் தாளின் பின்னாலும் ஊறியிருக்கும். பூதக்கண்ணாடியில் ஒழுங்கான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. அம்மம்மாவின் படமென்றால் துடைக்கவோ ஒட்டவோ வேண்டாம். உள்ளபடியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.