உயிரித்தகவலியலை நாமே கற்றுக்கொள்வோம்

(விடுதி மாணவர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயோஇன்ஃபர்மேடிக்ஸ் எனப்படும் உயிரித்தகவலியலைத் தானாகப் படிப்பது எப்படி என்று சொல்லச் சொன்னீர்கள். நான் அதில் பட்டம் வாங்கியவன் அல்ல, விலங்கியல் படித்தவன். மூன்றாம் ஆண்டில் இந்தத் துறையைப் பற்றி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "உங்களுக்கெல்லாம் அது எதுக்குப்பா? பி.எட். முடிச்சிட்டு ஒரு வேலைக்குப் போற வழியப் பாரு" என்றார். அந்த 'உங்களுக்கெல்லாம்' எனக்கும் புரிந்தது, உங்களுக்கும் புரியும்.

ஆய்வகச் சாவி அவர் கையில் இருந்தது. ஆனால் இந்தத் துறைக்கு வேண்டிய பொருள் ஆய்வகத்துக்குள் பூட்டப்பட்டதல்ல. அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. தரவுத்தளத்தில் மரபணு வரிசைகளை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சாதிச் சான்றிதழும் கேட்காது, கல்லூரிப் பெயரும் கேட்காது.

முதலில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். பாடத்திட்டத்தைப் பிறகு பார்க்கலாம். என் கேள்வி சிக்கிள் செல் எனும் அரிவாள் அணுச் சோகை. இந்தியாவில் அது முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் பதிவானது. காரணம் எச்.பி.பி. என்ற மரபணுவில் மாறிய ஒரே ஓர் எழுத்து. அந்த மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ. வரிசையை இறக்கினேன். அது ஃபாஸ்டா வகைக் கோப்பு: முதல் வரியில் பெயர், அதன்கீழ் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளே மாறி மாறி வரும்.

மூன்று மூன்று எழுத்தாக வெட்டி அமினோ அமிலங்களாக மாற்றும் பைத்தான் நிரலை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. விடை தப்பாகவே வந்தது. வரிசையின் முதல் எழுத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே புரதமாக மாறாத ஒரு பகுதி இருக்கிறது. ஏடிஜி வரும் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். திருத்தியதும், ஏடிஜிக்குப் பின் ஆறாவதாக ஜிஏஜி வந்தது, குளுட்டாமிக் அமிலம். நடுவிலுள்ள ஏ-வை டி ஆக்கினேன்; வேலின் வந்தது. அதுதான் நோய். தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரியை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பெரிய கணினி வேண்டாம். கூகுள் கோலாபில் உலாவியிலேயே பைத்தான் ஓடும். கனமான வேலைகளுக்கு கேலக்ஸி என்ற இலவசத் தளம் தன் கணினிகளையே தரும். பயிற்சிக்கு ரோசலிண்ட் தளம்; டி.என்.ஏ. ஆய்வில் உழைத்த ரோசலிண்ட் பிராங்க்ளின் பெயரால் அமைந்தது. அதன் முதல் கணக்கு நான்கு எழுத்துகளையும் எண்ணுவது மட்டுமே. பைத்தானுக்கு அடுத்து லினக்ஸ் கட்டளைகள், பிறகு புள்ளியியல். புள்ளியியலைத் தாண்டிப் போகாதீர்கள். அது இல்லாவிட்டால் கருவி காட்டும் எதையும் நம்பிவிடுவோம்.

ஆங்கிலம் தடுக்கும். என்னையும் தடுத்தது. மூன்று பேராக உட்கார்ந்து ஒரு பக்கத்தை வாசியுங்கள். செய்ததையெல்லாம், தப்பையும் சேர்த்து, எழுதி கிட்ஹப்பில் போடுங்கள். வேலை கேட்கும்போது காட்ட அது இருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தானாகப் படித்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்பது பொய். ஆய்வு இடங்களுக்குப் பட்டமும் பரிந்துரைக் கடிதமும் இன்றும் கேட்கிறார்கள். ஆகவே இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்குமான நம் போராட்டத்துக்கு இந்தப் படிப்பு மாற்றல்ல. அந்த இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமலிருக்கத்தான் இது.

நாம் ஏன் படிக்க வேண்டும்? அகமணமே சாதியின் சாரம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் கட்டுரை வாசித்தார். 2013இல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் இத்துணைக்கண்டத்தின் 73 குழுக்களின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள், அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான் என்று கண்டார்கள். தூய ரத்தம் என்ற பேச்சு அங்கேயே உடைகிறது. ஆனால் அதே ஆய்வுகளைத் திரித்து ஆண்ட பரம்பரைக் கதை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல, தரவைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் வேண்டும். ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது; பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் மாதிரிகளும் அதில் உண்டு.

இன்றிரவே எச்.பி.பி. வரிசையை இறக்குங்கள். ஏடிஜி எங்கே வருகிறது என்று தேடுங்கள். அடுத்த ஞாயிறு அந்தக் கோப்போடு வாருங்கள், சேர்ந்து எண்ணுவோம்.

ஜெய்பீம்.