வீட்டுக் கணினியில் புகும் மரக்குதிரை



திரோய் நகரத்தார் தாமே வாயிலைத் திறந்து மரக்குதிரையை உள்ளே இழுத்தனர் என்பது கிரேக்கர் கதை. அதன் பெயர் தாங்கிய 'ட்ரோஜன்' வைரஸும் கதவை உடைத்து வருவதன்று. இலவச விளையாட்டென வேடமிட்டு நம் கையாலேயே உள்ளே வருவது. 1989ஆம் ஆண்டில், எயிட்ஸ் நோய் பற்றிய தகவலென்று தபாலில் வந்த தட்டுகள், கணினிக் கோப்புகளை மறைத்து 189 டொலர் கேட்டன. நம் வாவி மீனும் இரையை நம்பியல்லவா தூண்டிலில் அகப்படுகிறது!

புகுந்துவிட்டால் யாம் செய்யவேண்டுவது என்ன? முதலில் இணையத் தொடர்பைத் துண்டிப்போம். களவுபோகும் வழி அடைபடும். இயங்கும் விண்டோஸினுள் ட்ரோஜன் ஒளிந்துகொள்ளும். ஆதலின் விண்டோஸ் எழுமுன் சோதிக்கும் 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனையை நடத்துவோம். அதற்கும் அடங்காவிடின், படங்களையும் கடிதங்களையும் மட்டும் பிரதி எடுத்து, வட்டை அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுவோம்.

வைரஸ் போனாலும் அது திருடிய கடவுச்சொல் திருடனிடமே இருக்கும். வேறொரு நல்ல கணினியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலிலும், வங்கியினதை அடுத்தும் மாற்றி, வங்கிக்கும் அறிவிப்போம்.

பெரியோர்களே, வெட்கி மறைக்கவேண்டாம். இளைஞர்களே, நகைக்கவேண்டாம். மறைத்த ஒவ்வொரு நாழிகையும் திருடனுக்கே ஆதாயம்.